கிளாசுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு!

தாராவிக் கடலைக்கும் ஜப்பான் கருவாட்டுக்கும் என்ன தொடர்பு?

மாலை 7 மணி. தாராவி 90 அடி சாலையில் கால் வைக்க இடம் இல்லை. பட்டறைகளில் வேலை முடிந்து வெளியே வருகிறவர்கள் ஒரு பக்கம். சயான் ஸ்டேஷனில் இறங்கி வீடு திரும்புகிறவர்கள் ஒரு பக்கம். நடுவே காய்கறி வண்டி, மீன் கூடை, ஆட்டோ, ஓடி விளையாடும் பிள்ளைகள்!

இந்தக் கூட்டத்திலும் ஒரு வகைத் தள்ளுவண்டி தனியாகத் தெரியும். ஒரு குவியல் வறுத்த நிலக்கடலை. அந்தக் குவியலின் மேல், சூடு ஆறாமல் இருக்கக் கரி நெருப்பு போட்ட ஒரு சிறிய சட்டி. பக்கத்துக் குண்டானில் அவித்த கொண்டைக்கடலை. நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சம்பழம். ஓர் ஓரத்தில் அவித்த முட்டைகள்.

"அண்ணாச்சி, ரெண்டு முட்டை. மிளகு கொஞ்சம் தூக்கலா!"

"அண்ணாச்சி, கடலை ஒரு பொட்டலம்!"

வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்தாலே, அது யாருக்காக நிற்கிறது என்பது புரிந்துவிடும். பத்தடி தூரத்தில் மதுக்கடை!

இந்தக் கடலைக்கும் முட்டைக்கும் மும்பையில் எல்லா மொழிக்காரர்களும் சொல்லும் பெயர் ஒன்றுதான். அதுதான் "சக்னா".

கிளாசில் ஊற்றப்படுவதைப் பற்றி எவ்வளவோ பேசியாயிற்று, எழுதியாயிற்று. பக்கத்தில் இருக்கும் தட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தத் தட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. ஜப்பான் வரை அதற்குச் சொந்தக்காரர்கள் உண்டு. நம்மவர்கள் பலருடைய பிழைப்பும் அதில் இருக்கிறது.

பெயர் வந்த கதை

இந்தியில் "சக்னா" என்றால் ருசி பார்ப்பது. செயலின் பெயரே நாளடைவில் பொருளின் பெயராகிவிட்டது. குடிக்கும்போது இடையிடையே ருசி பார்க்கக் கொறிக்கும் பண்டம் எதுவானாலும் அது சக்னாதான்.

நெல்லைச் சீமையில் இதைத் "தொட்டுக்க" என்பார்கள். "கடிச்சுக்க" என்றும் சொல்வார்கள். "சோத்துக்குத் தொட்டுக்க என்ன?" என்று கேட்கிற அதே வாய்தான் இங்கேயும் கேட்கிறது. தமிழ்நாட்டு டாஸ்மாக் பார்களில் இன்று அதன் பெயர் "சைடு டிஷ்". கேரளத்துக் கடைகளுக்குப் போனால் "டச்சிங்ஸ்" என்கிறார்கள். நம் "தொட்டுக்க" ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டதுபோல் இருக்கிறது!

பெயர் பலவானாலும் தட்டு ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும்.

"தேசி தாரு" என்று பலகை மாட்டிய நாட்டுச் சாராயக் கடையில் பெரும்பாலும் நின்றுகொண்டே குடிப்பதுதான் வழக்கம். மூட்டை சுமந்தவர், தோல் பதனிட்டவர், கட்டட வேலை செய்தவர் எல்லோரும் அங்கே வருவார்கள். கிளாசை வாங்கி ஒரே மூச்சில் இறக்கிவிட்டு, ஒரு பிடி கடலையை வாயில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். சிலருக்கு அதுவும் இல்லை. உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டால் முடிந்தது!

செம்பூர் பக்கத்துப் பெர்மிட் ரூம் கதை வேறு. அங்கே மேஜை, நாற்காலி, மின்விசிறி உண்டு. ஆபீஸ் விட்டு வரும் குமாஸ்தாக்கள் நண்பர்களோடு உட்காருவார்கள். உட்கார்ந்த உடனே கேட்காமலே ஒரு தட்டு வரும். அவித்த கடலை, வெள்ளரித் துண்டு, கொஞ்சம் சேவ். பல இடங்களில் அது இலவசம். காலியானால் மறுபடியும் நிரப்புவார்கள். பிறகு மசாலா பாப்பட் வரும். சுட்ட அப்பளத்தின் மேல் வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி, மிளகாய்த் தூள். உடைத்தால் பாதி மேஜையில், பாதி சட்டையில்!

மாட்டுங்காவில் பழம் பெருமை வாய்ந்த உடுப்பி ஓட்டல்களுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அங்கே டபராவில் காப்பிதான். ஆனால் அதே மாட்டுங்காக் கடைகளில் வறுபடும் நேந்திரங்காய் சிப்ஸ் எந்தெந்த மேஜைக்குப் போய்ச் சேருகிறது என்று யார் கண்டார்கள்?

ஜப்பானில் "சக்கனா"!

ஆச்சரியமான ஒரு செய்தி. ஜப்பானியர்களும் குடிக்கும்போது தொட்டுக்கொள்ளும் பண்டத்தைச் "சக்கனா" என்றுதான் சொல்கிறார்கள்!

காதுக்கு ஒன்றுபோல் கேட்டாலும் இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை. அரிசியிலிருந்து தயாராகும் அவர்களுடைய மதுவுக்குச் "சக்கே" என்று பெயர். "ந" என்பது பழைய ஜப்பானிய மொழியில் தொடுகறி. மதுவுக்கான தொடுகறி "சக்கனா" ஆயிற்று. அந்தக் காலத்தில் மதுவுக்குப் பெரும்பாலும் மீனைத்தான் தொட்டுக்கொண்டார்கள். அதனால் காலப்போக்கில் மீனுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்று ஜப்பானில் சந்தைக்குப் போய் "சக்கனா" என்று கேட்டால் மீனைத்தான் காட்டுவார்கள். தொடுகறியின் பெயரை வாங்கிக்கொண்ட மீன்!

"ஒட்சுமாமி" என்று இன்னொரு பெயரும் உண்டு. விரல்களால் கிள்ளி எடுப்பது என்ற பொருளில் பிறந்த சொல் அது. நம் கடலைப் பொட்டலமும் விரலால் கிள்ளி எடுப்பதுதானே!

அங்கே என்னென்ன வைக்கிறார்கள்? பச்சை சோயா மொச்சையைத் தோலோடு அவித்து உப்புத் தூவி வைப்பார்கள். அதற்கு "எடமாமே" என்று பெயர். பிதுக்கிப் பிதுக்கிச் சாப்பிட வேண்டும். ஊரில் மார்கழி, தை மாதங்களில் மொச்சைக்காயை அவித்துத் தின்றவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. கணவாய் மீனைக் காயவைத்த கருவாடு இன்னொன்று. அதை அனலில் வாட்டி, நார் நாராகக் கிழித்து மெல்லுவார்கள். கோழித் துண்டுகளைக் குச்சியில் குத்திச் சுட்டது "யாக்கிட்டோரி".

கணவாய்க் கருவாட்டுக்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. அதன் பெயர் "சுருமே". அந்தப் பெயரின் முதல் பாதிக்குப் பணத்தை இழப்பது என்றும் ஒரு பொருள் வருமாம். அதனால் அதை "அதாரிமே" என்று மாற்றிச் சொல்வார்கள். "அதாரி" என்றால் அதிர்ஷ்டம் அடிப்பது. விளக்கை அணைக்கும்போது "அணை" என்று சொல்லாமல் "குளிர வை" என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்களே, அதுபோல!

தொழிலாளிகளுக்கென்று ஒரு தட்டும் அங்கே உண்டு. மாடு, பன்றியின் குடல், ஈரல் முதலியவற்றை நீண்ட நேரம் வேகவைத்த குழம்பு, குச்சியில் சுட்ட ஈரல். இரண்டாம் உலகப் போர் முடிந்து நாடே பஞ்சத்தில் கிடந்தபோது கள்ளச் சந்தைக் கடைகளில் இவைதான் விற்றன. நல்ல கறிக்கு வழியில்லாதவர்களுக்குக் குடலும் ஈரலும். தாராவியில் சாயங்காலம் சட்டியில் கொதிக்கும் போட்டிக் கறிக்கும் கதை அதுவேதான்.

கேட்காமலே வரும் தட்டு

ஜப்பானில் குடித்துச் சாப்பிடும் கடைக்கு "இசக்காயா" என்று பெயர். முன்பு மதுவை அளந்து விற்கும் கடைகளாக இருந்தவை, "இங்கேயே உட்கார்ந்து குடிக்கிறேன்" என்று சொன்னவர்களுக்கு இடம் கொடுத்து வளர்ந்தவை. வாசலில் சிவப்புக் காகித விளக்கு தொங்கும். அலுவலகம் முடிந்த குமாஸ்தாக்கள் கூட்டமாகப் போவார்கள்.

உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும். அதன் பெயர் "ஒட்டோஷி". செம்பூரில் வரும் கடலைத் தட்டுபோலத்தான். ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே அது இலவசம் அல்ல! சில நூறு யென் பில்லில் ஏறிவிடும். விவரம் தெரியாத வெளிநாட்டுக்காரர்கள் பில்லைப் பார்த்து விழிப்பார்கள்.

அங்கே பழக்கம் என்னவென்றால், தன் கிளாசில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் ஊற்ற வேண்டும். அவருக்கு இவர் ஊற்ற வேண்டும். தட்டு தட்டாக வந்துகொண்டே இருக்கும். பேச்சு நடக்கும். கொஞ்சம் குடிப்பதற்கு நிறையச் சாப்பிடுவார்கள்.

அதற்காக ஜப்பானியர் எல்லோரும் அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கடைசி ரயிலைத் தவறவிட்டு, டையும் கோட்டுமாகப் பிளாட்பாரத்திலேயே படுத்துத் தூங்கும் குமாஸ்தாக்கள் அங்கேயும் உண்டு. தட்டு நிறையப் பண்டம் இருந்தால் மட்டும் போதாது!

பாணர்களுக்குப் பரதவர் வைத்த விருந்து

ஜப்பானைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடலாமா?

பத்துப்பாட்டில் ஒன்று சிறுபாணாற்றுப்படை. நத்தத்தனார் பாடியது. நல்லியக்கோடன் என்ற வள்ளலிடம் போகும் பாணர்களுக்கு வழி சொல்லும் நூல். வழியில் எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர் வருகிறது. அங்கே நுளையர் வீட்டுப் பெண் அரித்தெடுத்த பழைய கள்ளைப் பரதவர்கள் பாணர்களுக்குக் கொடுப்பார்கள் என்கிறார் புலவர். கூடவே என்ன கிடைக்கும்? சுட்ட குழல் மீன் கருவாடு!

மீனைக் காயவைத்து, நெருப்பில் வாட்டி, மதுவோடு கொடுத்திருக்கிறார்கள். ஜப்பானியரின் "சக்கனா" எதுவோ, அதுவேதான் இதுவும். மும்பையிலும் கோலி மீனவர்கள் வெர்சோவா, மட் தீவுக் கரைகளில் மூங்கில் பந்தலில் பொம்பில் மீனைத் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்கள். அந்தக் கருவாடும், காய்ந்த கூனி இறாலும் இங்கே எத்தனையோ கிளாஸ்களுக்குத் துணை.

ஆனால் அந்தச் சங்க காலத் தட்டை ஒரு முறை நன்றாகப் பார்க்க வேண்டும். அது விலைக்கு வாங்கியது அல்ல. குடும்பத்தோடு வழி நடந்து களைத்து வந்தவர்களுக்கு வைத்த விருந்து. பசித்த வயிற்றுக்குச் சோறுபோல, மீனும் கள்ளும் சேர்ந்து வந்தன. தட்டு பெரியது; கிளாஸ் அதற்குத் துணை.

அந்தத் தட்டு எப்போது சுருங்கியது?

மதுவிலக்கும் ஒரு பிடி உப்பும்

இந்த நகரத்தில் தட்டு சுருங்கியதற்கு ஒரு காரணம் சட்டம்.

1949-ஆம் ஆண்டு பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே சென்னை மாகாணத்தில் 1937-ல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கிவைத்தார். 1948-ல் அது மாகாணம் முழுவதும் பரவியது. ஆகவே 1950-களில் நெல்லைச் சீமையிலிருந்து ரயிலேறியவர்களுக்கு ஊரிலும் மதுவிலக்கு, வந்து இறங்கிய இடத்திலும் மதுவிலக்கு!

குடி நின்றதா? நிற்கவில்லை. மறைந்துகொண்டது. வெல்லம், அழுகிய பழம், நவச்சாரம் போட்டு ஊறவைத்துக் காய்ச்சினார்கள். தாராவியின் சதுப்பு நிலமும் புதரும் அதற்கு வசதியாகிவிட்டன. பாந்திரா, மாஹிம் பக்கங்களில் வீட்டிலேயே ரகசியமாக ஊற்றிக் கொடுத்தவர்களை "ஆண்ட்டி" என்றார்கள். அங்கே கிடைத்தது அவித்த முட்டை, உப்புக் கடலை. தாராவிக் குடிசையில் அதுவும் அரிது.

போலீஸ் எந்த நேரமும் வரலாம் என்ற பயத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? கிளாசைக் கவிழ்த்துவிட்டு, நாக்கில் உப்பை வைத்துக்கொண்டு ஓடுவார்கள். நின்று குடிக்கும் பழக்கமும், வெறும் வயிற்றில் குடிக்கும் பழக்கமும் அந்த நாட்களில் நன்றாக வேர் பிடித்தன.

1960-களிலும் 1970-களிலும் சட்டம் தளர்ந்தது. தமிழ்நாட்டிலும் 1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. பிறகு மூடுவதும் திறப்பதுமாக இருந்து, 2003-லிருந்து சில்லறை விற்பனையை டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. மும்பையில் அந்தப் பழைய சட்டம் இன்றும் ஏட்டில் இருக்கிறது. குடிப்பவர் பெர்மிட் வைத்திருக்க வேண்டும். பார் வாசலில் "பெர்மிட் ரூம்" என்று எழுதியிருப்பது அதனால்தான். மகாராஷ்டிரத்தில் விஸ்கி, பிராந்தி குடிக்க 25 வயது, பீர் குடிக்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது.

சட்டம் தளர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் நின்றபடி ஒரே மூச்சில் குடிக்கும் பழக்கம் மட்டும் நம்மவர்களை விட்டுப் போகவில்லை.

தட்டுக்குப் பின்னால் இருக்கும் கைகள்

தட்டில் இருக்கும் பண்டம் எங்கிருந்து வருகிறது?

தாராவிச் சந்துகளில் காலையில் நடந்தால் தெரியும். ஒரு வாசலில் அரிசி மாவும் உளுந்து மாவும் பிசைந்து முறுக்கு பிழிகிறார்கள். மராத்தியர்களுக்கு அது சக்லி. அடுத்த சந்தில் வெல்லப் பாகும் நிலக்கடலையும் சேர்த்துச் சிக்கி போடுகிறார்கள். இன்னொரு பக்கம் கவிழ்த்துவைத்த பிரம்புக் கூடைகளின் மேல் வட்ட வட்டமாக அப்பளங்கள் காய்கின்றன. நடந்து போகிறவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். காக்கை விரட்டச் சின்னப் பெண் ஒருத்தி குச்சியோடு உட்கார்ந்திருப்பாள்.

அப்பளம் பெண்களுக்குச் சோறு போட்ட கதை மும்பைக்குப் புதிதல்ல. 1959-ஆம் ஆண்டு கிர்காமில் 7 பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் தேய்க்கத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு லிஜ்ஜத் பாப்பட் ஆயிற்று. காலையில் பிசைந்த மாவை வாங்கிப் போய், வீட்டில் தேய்த்துக் காயவைத்து, அடுத்த நாள் கொண்டு வந்து கொடுத்தால் எடைக்குக் கூலி. இந்த முறையில் ஆயிரக்கணக்கான பெண்கள் பிழைக்கிறார்கள். தாராவியில் இன்னும் பலர் தனி வியாபாரிகளுக்குத் தேய்த்துக் கொடுக்கிறார்கள்.

முறுக்கும் சிக்கியும் அப்பளமும் குழந்தைகளுக்கும் போகும், கல்யாண வீட்டுக்கும் போகும், தீபாவளிக் கூடைக்கும் போகும். பெர்மிட் ரூம் தட்டுக்கும் போகும். எந்த அப்பளம் எங்கே போகும் என்பது தேய்ப்பவர்களுக்குத் தெரியாது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். மனைவி பகலெல்லாம் அடுப்படியில் முறுக்கு பிழிகிறாள். எண்ணெய்ப் புகையில் கண் எரிகிறது. கணவன் மாலையில் கூலி வாங்குகிறான். போகிற வழியில் கடை. கிளாசுக்குத் துணையாக அவன் வாங்கிக் கடிப்பது, அவன் மனைவியே பிழிந்த முறுக்காகவும் இருக்கலாம். அவள் சம்பாதித்த காசு, அவன் செலவழித்த காசு இரண்டும் அந்த ஒரே தட்டில் சந்திக்கின்றன!

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

"சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஏறாது" என்று பலர் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை.

மது பெரும்பாலும் சிறுகுடலில்தான் ரத்தத்தில் சேர்கிறது. வயிறு காலியாக இருந்தால் அது நேராகச் சிறுகுடலுக்கு இறங்கி, வேகமாக ரத்தத்தில் கலந்துவிடும். வயிற்றில் உணவு இருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். அதனால் போதை மெதுவாக ஏறும், உச்சமும் குறையும். நாள் முழுவதும் வேலை செய்து, மத்தியானம் ஒரு வடாபாவோடு நிறுத்திக்கொண்டவர் மாலையில் வெறும் வயிற்றில் குடித்தால் தலை சுற்றுவதற்குக் காரணம் இதுதான். ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கிவிடும். சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்களுக்கு அது பெரிய ஆபத்து.

ஆனால் உணவு இருந்தாலும் குடித்த மது எங்கும் மறைந்துவிடுவதில்லை. கல்லீரல்தான் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்தாக வேண்டும். முட்டை தின்றாலும், எலுமிச்சை பிழிந்தாலும், காப்பி குடித்தாலும் அந்த வேலை வேகமாக நடக்காது.

எந்தத் தட்டு மேல்? அவித்த கொண்டைக்கடலை, அவித்த முட்டை, வெள்ளரி ஆகியவை நல்லவை. ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம் புரதம். ஆனால் அதே 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மதுவிலும் கிராமுக்கு 7 கலோரி உண்டு. எண்ணெயில் பொரித்தது, காரம் தூக்கலாகப் போட்டது, உப்பு அதிகம் சேர்த்தது எல்லாம் வயிற்றுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கேடு.

இலவசத் தட்டில் உப்பு ஏன் தூக்கலாக இருக்கிறது என்று யோசித்ததுண்டா? உப்பு தின்றால் தாகம் எடுக்கும். தாகம் எடுத்தால் கை தண்ணீரைத் தேடாது, கிளாசைத் தேடும்! ஜப்பான்காரர் கிண்ணத்துக்குப் பில் போடுகிறார். இங்கே தட்டு இலவசம்; பில் கிளாசில் ஏறுகிறது. கணக்கு கடைசியில் ஒன்றுதான்.

எந்தத் தட்டும் காப்பாற்றாது

ஒரு விஷயத்தில் மட்டும் எந்தப் பண்டமும் உதவாது. அது கள்ளச்சாராயம்.

2004-ஆம் ஆண்டு விக்ரோலியில் விஷச் சாராயம் குடித்துப் பலர் மாண்டார்கள். 2015 ஜூன் மாதம் மலாடு மால்வணியில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் போனார்கள். எல்லா இடத்திலும் செத்தவர்கள் பெரும்பாலும் அன்றாடக் கூலிகள்.

இந்தச் சாவுகளுக்குக் காரணம் மெத்தனால். அது ஆலைகளில் பயன்படும் விஷம். நிறத்தாலும் வாசனையாலும் கண்டுபிடிக்க முடியாது. முதலில் வாந்தி, வயிற்று வலி. பிறகு கண் மங்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்து உண்டு; பிழைக்கலாம். "போதைதானே, தூங்கினால் சரியாகிவிடும்" என்று வீட்டில் படுக்கவைத்துவிடக் கூடாது. சாராயம் குடித்தவருக்குக் கண் மங்குகிறது என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. சயான் ஆஸ்பத்திரி தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

கடைசியாகப் பணக் கணக்கு.

ஒருவர் ஒரு மாலைக்குக் கிளாசுக்கும் தட்டுக்கும் சேர்த்து 100 ரூபாய் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைய மும்பையில் இது குறைந்த கணக்குதான். மாதம் 26 வேலை நாள் என்றால் 2,600 ரூபாய். ஆண்டுக்கு 31,200 ரூபாய். ஊருக்கு அனுப்பும் மணியார்டர் இப்போது போனிலேயே போய்விடுகிறது. ஆனால் எந்த மாதம் எவ்வளவு குறைந்தது என்பதை ஊரில் இருக்கும் அம்மா இன்றும் விரல் விட்டு எண்ணிவிடுவாள்.

குடிக்கவே கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. விட முடியாமல் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டுவதால் மட்டும் பயன் இல்லை. குடித்தே தீருவேன் என்பவர் முதலில் வயிற்றுக்குச் சாப்பிடட்டும். உட்கார்ந்து, நாலு பேரோடு பேசி, மெதுவாக, குறைவாக நிறுத்தட்டும். தட்டு பெரிதாகவும் கிளாஸ் சின்னதாகவும் இருக்கட்டும். எயிற்பட்டினத்துப் பரதவர் வைத்த தட்டு அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது பொட்டலம்

மறுபடியும் அந்தத் தள்ளுவண்டிக்கு வரலாம்.

இரவு 9 மணி ஆகிறது. கூட்டம் குறைகிறது. கரிச் சட்டியில் நெருப்பு சாம்பல் பூத்துவிட்டது. கடையிலிருந்து வருகிறவர்களில் சிலர் வண்டியைத் தாண்டி நேராகப் போய்விடுகிறார்கள். சிலர் நிற்கிறார்கள்.

"அண்ணாச்சி, இன்னொரு பொட்டலம். இது வீட்டுக்கு. காரம் போடாதீங்க."

ஊரில் சாராயக் கடையிலிருந்து வந்த அப்பாமார்களும் இப்படித்தான் செய்தார்கள். மடியில் ஒரு பொட்டலம் மிக்சரோ காராச்சேவோ இருக்கும். அப்பா தள்ளாடி வருகிறாரே என்ற பயம் ஒரு பக்கம். பொட்டலம் வருகிறதே என்ற ஆசை ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் வாசலில் நின்ற பிள்ளைகள்தான் இன்று மும்பையில் வேலை பார்க்கிறார்கள். அந்தப் பொட்டலத்தின் ருசியும் மறக்கவில்லை. அந்தப் பயமும் மறக்கவில்லை.

இரண்டாவது பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போகிறவர், ஒரு நாளைக்கு முதல் பொட்டலத்தை வாங்காமலே அதை மட்டும் வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். கடலை அதே கடலைதான். வண்டிக்காரருக்கும் வியாபாரம் குறையாது. வாசலில் நிற்கும் பிள்ளைக்கு அன்றைக்குப் பயம் இருக்காது. ஆசை மட்டும்தான் இருக்கும்!